ஒரு சந்துக்குப் பெயர் கிடைத்த விதம்: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ஒரு வார்டில், பையன்களுக்கு வழிகாட்டியாக இருந்து மறைந்த ஒருவரின் பெயரைத் தெருவுக்கு வைக்கக் கேட்டதிலிருந்து பலகை நட்டது வரையிலான பதிவு இது. ஆட்களின் பெயர், வார்டு எண், தெருப்பெயர் எதையும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்னும் அங்கேயேதான் குடியிருக்கிறார்கள். கோரிக்கைக் குழுவின் கூட்டங்களில் குறிப்பெடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தெரு, ஊர்ப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் அரசாணை வந்த பிறகு, பக்கத்து வார்டுகளிலிருந்து சிலர் எங்களிடம் வழிமுறை கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

மாஸ்டர்

அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தகரக் கூரை அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு கேரம் போர்டு போட்டார். வேலை முடிந்து வந்து, மாலை ஆறு மணியிலிருந்து பத்து வரை அங்கேயே இருப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேரமில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். நன்றாக ஆடுகிறவர்களுக்கு ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போக ஒரு வழி உண்டு. மாஸ்டரின் பையன்களில் அப்படிப் போனவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு அவர் செய்தது வேறு.

அறைக்குள் வந்ததும் ஸ்ட்ரைக்கரைத் தொட முடியாது. முதலில் பள்ளிக்கூட நோட்டைக் காட்ட வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்குப் போகாதவன் சுவரோரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பத்தாவது முடித்தவனை ஐ.டி.ஐ.க்கு அழைத்துப் போவார். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் அலைவார். ராத்திரி போலீஸ் ரோந்தில் பையன்களைப் பிடித்துப் போனால், அம்மாக்கள் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். ஸ்டேஷனில் சத்தம் போட மாட்டார். பையன் எந்தப் பள்ளி, என்ன வகுப்பு, மாலையில் எங்கே இருந்தான் என்பதைத் தன் நோட்டிலிருந்து எடுத்துக் காட்டுவார். அந்த நீளக் கணக்கு நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், பள்ளி, அப்பா வேலை, பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் பதிவு முழுமையாகாது. அவர் அடிப்பார். பல வருடங்கள் பெண் பிள்ளைகளை அறைக்குள் விடவில்லை. இந்த இரண்டும் பின்னால் கூட்டத்தில் வந்தன.

2021 மே

கொரோனா இரண்டாம் அலையில் அவர் இறந்தார். முழு ஊரடங்கு இருந்த நேரம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் சுடுகாட்டுக்குப் போக முடிந்தது. முப்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அவர் கையில் வளர்ந்தவர்கள், அம்பத்தூரிலும் ஓசூரிலும் வளைகுடாவிலும் வேலையில் இருந்தவர்கள், போனில் வீடியோவாகத்தான் பார்த்தார்கள். தெருவுக்கு அவர் பெயர் என்ற பேச்சு அந்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் கிளம்பியது. செய்ய முடியாமல் போன மரியாதைக்கு ஏதாவது ஈடு வேண்டும் என்ற தவிப்புதான் அது என்று நான் நினைக்கிறேன். பின்னால் நடந்த சண்டைகளில் சிலர் காட்டிய கோபத்தின் அளவு இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

கேட்க ஆள் இல்லாத காலமும் அதுவே. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. தேர்தல் நடந்து கவுன்சிலர் வந்த பிறகுதான் மனு எழுதினார்கள். 2022 மே மாதத்தில் விருகம்பாக்கத்தில் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு நடிகர் விவேக்கின் பெயர் வைக்கப்பட்டது. “ஒரு வருஷத்துல அவருக்கு வெச்சாங்கல்ல, நம்ம மாஸ்டருக்கு ஏன் கூடாது?” என்று பையன்கள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

முதல் மனு

மனு கேட்டது பிரதான தெருவை. கேரம் அறை அந்தத் தெருவில் இல்லை, அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஆனால் பெயர் வைப்பதென்றால் பஸ் போகிற தெருவுக்கு வைக்க வேண்டும் என்பது பையன்களின் பிடிவாதம்.

தெருவுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. நூறு வருடத்துக்கு முன் இடம் கொடுத்த ஒருவரின் பெயர் என்கிறார்கள். எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி வாலை எடுத்தபோது இந்தப் பலகையிலும் எடுத்தார்கள். பழைய பத்திரங்களில் அந்த வால் இருக்கிறது. கூகுள் மேப்பில் எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. ஆக, ஒரே தெருவுக்கு ஏற்கெனவே மூன்று வடிவம்.

மனு போன இரண்டாவது வாரத்தில் எதிர் மனு போனது. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு உரிமையாளர்கள். காரணம்: முகவரி மாறினால் ஆவணங்கள் எல்லாம் மாற வேண்டும்.

அதில் எழுதாத இன்னொரு காரணமும் இருந்தது. மாஸ்டர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகளில், வாழ்ந்தவர். அந்த வாரியத்தின் பெயரை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியாயிற்று. ஆனால் பிரதான தெருவில் இருப்பவர்களுக்கு அது இன்றும் ‘போர்டு’தான், அங்கிருந்து வருபவர்கள் ‘போர்டு பசங்க’தான். தங்கள் வீட்டு முகவரியில் போர்டுக்காரர் பெயரா என்ற முனகல் டீக்கடையில் கேட்டது. கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. ஆதார் கார்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

இங்கே குழுவுக்குள் முதல் பெரிய கருத்து வேறுபாடு. பின்னால் இருக்கும் காரணம் அசிங்கமானது, ஆகவே சொல்லும் காரணத்தையும் பொருட்படுத்த வேண்டாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். மாஸ்டரிடம் முதல் வருடங்களில் ஆடிய ஒருவர், இப்போது மின்வாரியத்தில் வேலையில் இருப்பவர், வேறு மாதிரி சொன்னார்: “சொல்ற காரணத்தை சரி பண்ணிட்டு வந்து நில்லுங்க. அப்புறமும் எதிர்த்தா, எதுக்கு எதிர்க்கறாங்கன்னு ஊருக்கே தெரியும்.” அவர் பேச்சு எடுபட்டது. வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுப்பது என்று முடிவாயிற்று.

வீடு வீடாகப் பார்த்தபோது

இந்தப் பட்டியல்தான் விவகாரத்தையே திருப்பிவிட்டது. வீட்டுக்காரர், வாடகைதாரர், கடைக்காரர் மூவரையும் தனித்தனியாகக் கேட்டோம்: முகவரி மாறினால் உங்களுக்கு எந்தெந்தத் தாளில் தொந்தரவு?

சொந்த வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, குடிநீர் வரி. இவை மாநகராட்சிக்கும் வாரியங்களுக்கும் உள்ளேயே மாற்றிக்கொள்ளக்கூடியவை. விற்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு வேறு பயம். பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பைத் தெருப்பெயர் வாரியாகத்தான் வைத்திருக்கிறது. பத்திரத்தில் ஒரு பெயர், வில்லங்கச் சான்றில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்று இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும், வாங்க வருகிறவரின் வங்கியும் கேட்கும். இது வெறும் சாக்கு இல்லை.

கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம், ரப்பர் ஸ்டாம்பு, பில் புத்தகம். இதில் ஒரு அச்சகக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே ஆதரவு தெரிவித்தார்.

அதிகம் அடிபடுகிறவர்கள் வாடகைதாரர்கள். ஆதாரில் முகவரி மாற்ற அப்போது 50 ரூபாய்தான். ஆனால் புது முகவரிக்குச் சான்று வேண்டும். எழுத்தில் வாடகை ஒப்பந்தம் இல்லாதவருக்குக் கரண்ட் பில்லும் அவர் பெயரில் இல்லை. மாடியில் குடியிருந்த ஒரு தையல்கார அம்மா, மகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். போலீஸ் விசாரணைக்கு வரும்போது தெருப்பெயர் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் மகன் மாஸ்டரிடம் படித்தவன். “அவருக்காக என்ன வேணா செய்வேன் தம்பி, இதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க” என்றார். இளைஞர்களின் குரல் தாழ்ந்தது அங்கேதான்.

அப்புறம் சந்துக்குள் போனார்கள். அங்கே கிடைத்தது நேர்மாறான கதை. பிரதான தெருவின் பெரிய மனைகள் பாகம் பிரிந்து பின்னால் நீண்டு உருவான சந்து அது. அதற்குப் பெயரே இல்லை. சென்னை வழக்கப்படி வீடுகளில் ‘பழைய எண், புதிய எண்’ இரண்டும் இருக்கும். இங்கே அதற்கும் மேல் ‘பின்பக்கம்’. ஒரே கதவு எண்ணை நான்கைந்து குடும்பங்கள் போட்டுக்கொண்டிருந்தன. வங்கியிலிருந்து வரும் செக் புத்தகம் முன் வீட்டில் கிடக்கும். 108-க்குப் போன் செய்தால் ஒருவர் தெருமுனையில் போய் நின்று கை காட்ட வேண்டும். ஒரு பாட்டி சொன்னதைக் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன்: “எங்க சந்துக்கு எவன் பேரு வெச்சாலும் சரிதான். பேருன்னு ஒண்ணு இருந்தா போதும்.”

சந்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்

பட்டியலை விரித்து வைத்துப் பேசியபோது விடை கிட்டத்தட்ட தானாகவே வந்தது. பெயருள்ள தெருவில் புதுப் பெயர் வைத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் தாள்கள் கலையும், இன்னொருவரின் நினைவும் அழியும். பெயரில்லாத சந்துக்கு வைத்தால் அங்கே இருப்பவர்களுக்கு முதல் முறையாக முகவரி கிடைக்கும். மாஸ்டர் வாழ்நாளெல்லாம் பையன்களுக்குத் தாள் வாங்கிக் கொடுத்தவர். அவர் பெயரால் ஒருவருடைய தாள் சிக்கலாவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது என்று மின்வாரியக்காரர் சொன்னதும் பேச்சு முடிந்தது. போதாததற்கு, கேரம் அறையே சந்தில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் திருப்தி இல்லை. “போர்டுக்காரனுக்கு சந்துதான்னு ஆயிடுச்சா?” என்று ஒருவர் எழுந்து போனார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரதான தெருக்காரர்களின் முனகலுக்குக் கடைசியில் வெற்றி கிடைத்த மாதிரிதான் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். அதற்காகத்தான் மனுவில் ‘சந்து’ என்று எழுதாமல் ‘தெரு’ என்று கேட்டோம். பிரதான தெரு முனையிலேயே பலகை வேண்டும் என்றும் சேர்த்தோம்.

பெயரின் வடிவத்தில் அவர் மனைவியின் சொல்லே முடிவு. பட்டம் எதுவும் வேண்டாம், ‘மாஸ்டர்’ என்பதும் அவர் பெயரும் போதும், தலைப்பெழுத்துகூட வேண்டாம் என்றார். ‘வடசென்னையின் விடிவெள்ளி’ என்று ஒரு யோசனை வந்தது. அதை யார் கொண்டுவந்தார் என்று குறிப்பில் எழுதவில்லை.

பகுதி சபாவில் பெண்கள் கேட்டது

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபாக் கூட்டங்கள் (கிராம சபை மாதிரி, வார்டின் பகுதிகளில் நடக்கும் மக்கள் கூட்டங்கள்) நடந்தன. எங்கள் பகுதியில் அதற்கடுத்து நடந்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வைத்தோம். குப்பை வண்டி, கழிவுநீர் அடைப்பு எல்லாம் முடிந்து கடைசியில் வந்தது.

சந்து என்றதும் பிரதான தெருக்காரர்கள் பேசவில்லை. பேசியவர்கள் பெண்கள். “எங்க பொண்ணுங்களுக்கு அவர் என்ன செஞ்சார்?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், தன் தம்பியைக் காது கேட்காமல் போகும் அளவுக்கு ஒருமுறை அறைந்ததைச் சொன்னார். இளைஞர்கள் கூச்சல் போட்டார்கள். கவுன்சிலர் கூட்டத்தை நிறுத்தப் பார்த்தார்.

மாஸ்டரின் மனைவி எழுந்து, அடித்தது உண்மை, அதற்கு அவர் பின்னால் வருத்தப்பட்டார், கடைசி நான்கைந்து வருடம் கை நீட்டவில்லை என்றார். பெண் பிள்ளைகளுக்குக் கடைசி வருடங்களில் ஞாயிறு காலை மட்டும் அறை திறந்திருந்ததையும் சொன்னார். அது போதாது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். பேச்சின் முடிவில், வாரத்தில் மூன்று மாலை அறை பெண் பிள்ளைகளுக்கு, பொறுப்புக்கு ஒரு பெண் பயிற்சியாளர் என்று குழு எழுதிக் கொடுத்தது. இந்த நிபந்தனையோடுதான் ஆதரவுக் கையெழுத்துகள் வந்தன. முழு நடவடிக்கையிலும் உருப்படியான விளைவு இது என்பது என் கணிப்பு.

சுவரில் எழுதிய இரவு

மனு மண்டல அலுவலகத்துக்குப் போய் மாதக்கணக்கில் அசைவில்லை. மாமன்றத்தில் தீர்மானம் வேண்டும், அப்புறம் அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று சொன்னார்கள். 2023-இல், மாஸ்டரின் பிறந்த நாளுக்கு முந்திய இரவு, சில பையன்கள் முனை வீட்டின் மதில் சுவரில் பெயிண்டால் தெருப்பெயரை எழுதிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கட்சியின் நிறம். நிறம் தற்செயல், கிடைத்த பெயிண்ட் அதுதான் என்றார்கள். யாரும் நம்பவில்லை.

சுவர்க்காரர் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர். அவரே போலீசில் புகார் கொடுத்தார். இன்னொரு கட்சிக்காரர்கள், அதற்கு முந்தைய வருடம் விபத்தில் இறந்த தங்கள் பையன் ஒருவனின் பெயரைச் சந்துக்கு வைக்கக் கேட்டுப் புது மனு தயாரித்தார்கள். இரண்டே நாளில் எல்லாம் கைவிட்டுப் போகும் நிலை.

குழு அன்றைக்கே மூன்று காரியம் செய்தது. எழுதிய பையன்களையே கூட்டிப் போய் சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தது. சுவர்க்காரரிடம் மாஸ்டரின் மனைவியும் மின்வாரியக்காரரும் நேரில் போய்ப் பேசினார்கள். இறந்த பையனின் அம்மாவைப் பார்த்து, கேரம் அறையில் அவன் பெயரில் வருடாந்திரப் போட்டி நடத்தலாமா என்று கேட்டார்கள். அந்தப் பையனும் அங்கே ஆடியவன்தான். புகார் திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கட்சியின் கொடியும் பேனரும் பெயர் சூட்டும் நாளில் இருக்காது என்று எல்லாத் தரப்பும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டன.

பலகையும் அதற்குப் பிறகும்

2023-இன் பிற்பகுதியில் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. அரசின் ஒப்புதல் வந்து 2024-இல் பலகை நட்டார்கள். வார்டு, மண்டலம், பின்கோடு எல்லாம் சேர்ந்த வழக்கமான மாநகராட்சிப் பலகை. விழா அரை மணி நேரத்தில் முடிந்தது.

சந்தில் வீடுகளுக்குத் தனி எண் கொடுக்க மேலும் சில மாதங்கள் ஆயின. பலகை வந்தால் எண் தானாக வரும் என்று நினைத்திருந்தோம், அதற்குத் தனி மனு தேவைப்பட்டது. வாடகைதாரர்களுக்கு ஆதார் முகவரி மாற்ற, கவுன்சிலர் உரிய படிவத்தில் சான்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். கேரம் அறையிலேயே உட்கார்ந்து படிவங்களை நிரப்பினார்கள். ‘பின்பக்கம்’ என்ற சொல் பெரும்பாலான தாள்களிலிருந்து போய்விட்டது. வாய்ப்பேச்சில் புதுப் பெயர் பாதிதான் பிடித்திருக்கிறது. அண்ணா சாலையை இன்றும் மவுண்ட் ரோடு என்று சொல்லும் ஊரில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆட்டோக்காரர்களுக்குக் ‘கேரம் சந்து’ என்றால்தான் தெரிகிறது.

பெண் பிள்ளைகளின் மூன்று மாலைகளில் இரண்டு ஒழுங்காக நடக்கின்றன. மூன்றாவதுக்குப் பயிற்சியாளர் கிடைக்கவில்லை.

மறுபடி செய்வதானால்

பெயரைப் பற்றிப் பேசும் முன்பே வீட்டுப் பட்டியல் எடுத்துவிட வேண்டும். எங்களுக்கு எதிர் மனு வந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. முதலிலேயே எடுத்திருந்தால் பிரதான தெருவோடு அந்தப் பகையே வந்திருக்காது. வாடகைதாரர்களைக் கேட்காமல் எடுக்கும் பட்டியலால் பயனில்லை.

யாருடைய பெயரை வைக்கிறோமோ அவரைப் பற்றிய குறைகளைச் சொல்ல ஒரு கூட்டம் தனியாக நடத்துவது நல்லது. சபா நடுவில் அது வெடித்தபோது அவர் மனைவிதான் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலையை அவருக்கு வைத்திருக்கக் கூடாது.

பலகைக்கான மனுவோடு கதவு எண்ணுக்கான மனுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் மனு எந்த மேசையில் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சுவரில் எழுதிய பையன்களுக்கு மனு இன்னும் உயிரோடு இருப்பதே தெரியாது.

அறையின் விஷயம் இன்னும் தீரவில்லை. தெருவுக்கு அவர் பெயர் வந்துவிட்டது, அறை இப்போதும் வாடகைதான். பழைய மாணவர்கள் மூன்று பேர் மாறி மாறிக் கட்டுகிறார்கள். தெருவுக்குச் சரியான முகவரி வந்த பிறகு அறையின் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தக் கேட்டிருக்கிறார். பெயருக்குச் செலவழித்த முயற்சியில் பாதியை அந்த அறைக்கு நீண்ட கால ஒப்பந்தம் போடுவதில் செலவழித்திருக்கலாம் என்று குழுவில் பலர் இப்போது சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பேசப்போவது அதைத்தான்.